காரியாபட்டியில் பார்க்கக் கிடைக்காத முகம்

தம்பிகளே, தங்கைகளே,

மண் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். கேட்க வந்த தம்பி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "சார், நீங்க தவசி சார்கூட வேல பாத்தவுகளாமே?" என்றார். ஆமாம், பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் யாராவது அந்தப் பெயரை முதலில் சொன்னால் எனக்கு உள்ளே சுருக்கென்று தைக்கிறது. அந்தத் தம்பிக்குக் காப்பி கொஞ்சம் ஆறித்தான் கிடைத்தது.

மறைத்து என்ன ஆகப் போகிறது? தவசி மேல் எனக்குப் பொறாமை. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மண்ணை எப்படிச் சலிப்பது, அமிலத்தை எப்படி ஊற்றுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரனைப் பார்த்து வயிறு எரியும்போது எப்படி வேலை பார்ப்பது என்று அதில் எழுதியிருக்காது. அதைத்தான் நான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தது. எதிர்ச்சாரியில் இன்னொரு பலசரக்குக் கடை. அப்பாவின் கை பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கும், கண் எதிர்க்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண் எனக்கு அப்படியே வந்துவிட்டது. துல்லியமாக எடை போடும் கையும் அங்கிருந்து வந்ததுதான். கையை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணை விட்டுவிட்டு வர முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் தவசியும் நானும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். அவன் திருச்சுழிப் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தவன். என் மேசையில் கண்ணாடிச் சாமான்கள் உயர வரிசையில் நிற்கும். அவன் மேசையில் டீ கிளாஸும் குடுவையும் ஒன்றாகக் கிடக்கும். ஆனாலும் மஞ்சள் பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு வரும் சம்சாரிகள் என் மேசையைத் தாண்டி அவனிடம்தான் போவார்கள். "அந்தா இருக்காக பாரு, அவுககிட்ட குடு. சிரிச்ச மொகமாச் சொல்லுவாக" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என் காதில் விழும். எதிர்க்கடை என்னைத் துரத்திக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் அளந்தவற்றில் எனக்குப் பிடித்தது கரிமம், அதாவது கார்பன். அடுப்பில் மிஞ்சும் கரி, மண்ணுக்கு வளம் தரும் மக்கு, நாம் வெளியே விடும் மூச்சு, பந்தல்குடிப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், எல்லாவற்றிலும் அந்த ஒரே சரக்குத்தான் இருக்கிறது. இடம்தான் மாறிக்கொண்டே இருக்கும். செடி அதைக் காற்றிலிருந்து எடுத்து இலையும் வேருமாக ஆக்குகிறது. இலை விழுந்து மண்ணில் மக்குகிறது. நம் ஊர் வெயிலில் அந்த மக்கு தங்காது. இரண்டு மழை, ஒரு உழவு, மறுபடியும் காற்றுக்கே போய்விடும். கொஞ்சம் மட்டும் மழைத்தண்ணீரில் கரைந்து கீழே இறங்கி, சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டிப்படுகிறது. கரிசலைத் தோண்டினால் வெள்ளை உருண்டைகளாகக் கிடைக்குமே, சுக்கான்கல், அதுதான். ஒரு சொட்டு அமிலம் விட்டால் பொங்கி நுரைக்கும். எத்தனையோ காலமாகக் கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயு என் கண் முன்னால் வெளியே வரும். எனக்கு அதைப் பார்த்துச் சலித்ததே இல்லை.

"என்னலே, சோடாக் கடை வெச்சிருக்கியா?" என்பான் தவசி.

காற்றில் இருப்பதைப் போலப் பல மடங்கு கரிமம் கடல் தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. நாம் எரித்து அனுப்பும் புகையில் ஒரு பங்கையும் கடல் இழுத்துக்கொள்கிறது. இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ராமேஸ்வரத்தில் கால் நனைத்ததோடு சரி, கடலுக்குள் போனதில்லை. கல்லுக்குள் அடைந்ததை அளந்து அளந்து, கடலுக்குள் கரைவதையும் ஒரு நாள் என் கையால் அளக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் அந்த வாய்ப்பு வந்தது. கடலில் கரியமில வாயுவை அளக்க ஓர் ஆராய்ச்சிக் கப்பல் புறப்படுகிறது. மண்ணில் கரிமம் அளந்து பழகியவர் ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. ஒரே இடம். விருப்பமுள்ளவர்கள் தங்கள் ஆய்வைப் பற்றி மதுரையில் ஒரு குழுவின் முன்னால் பேச வேண்டும். நான் என் சுக்கான்கல்லை வைத்துப் பெயர் கொடுத்தேன். மறுநாள் தவசியும் கொடுத்தான். அவனுக்குக் கடல் மேல் ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் வந்து கொடுத்தது போதாதா, அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடைய ஆய்வு அவர்கள் சொந்த நிலத்தில். பல வருஷமாக உழாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த தரிசு. தரிசின் மண்ணையும் பக்கத்தில் உழுது விதைக்கும் புஞ்சையின் மண்ணையும் அளந்து பார்த்திருந்தான். தரிசில் கரிமம் பல மடங்கு கூடுதல். ஊரே திட்டுகிற மரம், தண்ணீரைக் குடிக்கிற மரம், அது இலையை உதிர்த்து உதிர்த்துக் காற்றின் கரிமத்தை மண்ணில் சேர்த்து வைக்கிறது என்பது அவன் முடிவு. எங்கள் அதிகாரி அவன் முதுகில் தட்டி, "நம்ம ஆபீஸ் பேரு எங்கயோ போகப் போகுதுய்யா" என்றார். அவர் என் முதுகில் தட்டியதே கிடையாது.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "அவுக மேல வந்தா ஒங்களுக்கு ஏங்க இந்தப் பாடு?"

"அந்த நம்பர் ரொம்பக் கூட. நம்ம வெயிலுக்கு எலச்சருகு அம்புட்டு நிக்காது."

"நெசமாவே நிக்காதா, இல்ல நிக்கக் கூடாதுன்னு நெனைக்கிறீகளா?"

ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி பஸ் ஏறினேன். அறிவியலின் மேல் இருந்த அக்கறையால் போனேன் என்று எழுத ஆசைதான். வயிற்றெரிச்சலில்தான் போனேன்.

தரிசின் ஓரத்தில் தவசியின் மதினி ஆட்டுக்குக் கருவேலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவன் கல்யாணத்தில் பார்த்த பழக்கம், அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பி. தவசி வரலையா?"

"இல்ல மதினி. இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்."

மரங்களுக்கு நடுவே நடந்தேன். ஓரிடத்தில் வட்டமாக மண் செங்கல் போலச் சிவந்து வெந்து கிடந்தது. அதில் புல்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம்.

"இதென்ன மதினி?"

"மூட்டம் போட்ட எடம் தம்பி. தவசி மதுரயில படிக்கும்போது எங்க மாமா, அதான் தவசி அப்பா, கரிமூட்டத்துக்கு விட்டிருந்தாக. ரெண்டு மூணு தடவ வெட்டிட்டாக. இது வெட்ட வெட்டத் துளுக்குற மரந்தான?"

கரிமூட்டம் இந்தப் பக்கத்துத் தொழில், உங்களில் பலருக்குத் தெரியும். விறகை அடுக்கி, வைக்கோலைப் பரப்பி, மேலே மண்ணைப் போட்டு மூடி, காற்றுப் படாமல் உள்ளே புகைய விடுவார்கள். வெந்ததும் மூடிய மண்ணை இழுத்துத் தள்ளிவிட்டுக் கரியை மூட்டையில் கட்டுவார்கள். உடைந்த தூளை யாரும் பொறுக்குவதில்லை, அது அந்த மண்ணோடு போய்விடும். அடுத்த மூட்டத்தை மூட அதே மண்ணைத்தான் வெட்டிப் போடுவார்கள். இப்படி இழுத்து இழுத்து நிலம் முழுக்கக் கரித்தூள் பரவிவிடும். செம்மண்ணாக இருந்தால் குழந்தைக்கும் தெரியும். கரிசலில் எதுவும் தெரியாது. தவசி விடுதியில் இருந்த காலத்தில் மூட்டம் நடந்திருக்கிறது. அவன் ஊருக்குத் திரும்பியபோது மரம் மறுபடி வளர்ந்து காடாகி, வட்டங்கள் முள்ளுக்குள் மறைந்துவிட்டன. தரிசு தரிசாகவே கிடந்தது என்று நினைத்துவிட்டான்.

"மதினி, ஒரு சொம்புத் தண்ணி குடுங்க."

நான் குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தார். வட்டத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போய், ஒரு பிடி மண்ணை எடுத்து அதற்குள் போட்டுக் கலக்கினேன்.

"அய்யய்யோ, குடிக்கிற தண்ணியில மண்ண அள்ளிப் போடுறீகளே!"

மண் கீழே இறங்கியது. மேலே கறுப்பாகப் பொடி மிதந்தது. விரலில் தொட்டு பஸ் டிக்கெட்டில் இழுத்தேன், மை போலக் கோடு விழுந்தது. எதிர்க்கடையில் ஒருவரும் நிற்காத நாளில் அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் அப்போது என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். மதினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். தவசியின் அளவு தப்பில்லை. அவன் சொன்ன காரணம்தான் தப்பு. இலை மக்கிச் சேர்ந்தது என்றான். சேர்ந்ததில் பெரும்பகுதி மூட்டத்தில் சிந்திய கரி. மதுரையில் குழுவின் முன்னால் அவன் பேசி முடித்ததும் நான் எழுந்து, "அந்த நிலத்தில் கரிமூட்டம் போட்டதுண்டா?" என்று கேட்டால் போதும், கப்பலில் அந்த இடம் எனக்கு. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று கேள்வியைச் சொல்லிப் பார்த்தேன். அடக்கமாக ஒரு தடவை, ஆச்சரியப்பட்டது போல ஒரு தடவை.

மதுரைக்குப் போகும் அன்று காலை பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் இருந்து தவசி துண்டை ஆட்டுகிறான். "ஏலே செல்வம், எடம் போட்டு வெச்சிருக்கேன், வா!" முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தான். பாளையம்பட்டி தாண்டும்போது எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. ஹாலில் கேட்டால் அவன் மேடையில் நிற்பான், நான் பின்வரிசையில் இருப்பேன். நடுவில் அத்தனை தலைகள். அவன் முகம் மாறுவதை நான் சரியாகப் பார்க்கவே முடியாது. குழுவில் இருக்கிறவர்கள்தான் அதைக் கிட்டத்தில் பார்ப்பார்கள். இத்தனை வருஷம் காத்திருந்தவன் நான், முதல் வரிசை அவர்களுக்கா?

இதைவிட நல்ல காரணம் என்னிடம் இருந்ததாக நான் சொல்லப் போவதில்லை. காரியாபட்டியில் பஸ் நின்றது. மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். நான் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"தவசி, ஒன் தரிசுல இருக்குறது எலச்சருகு இல்லலே. கரி. அங்க மூட்டம் போட்டிருக்காக."

"யாரு சொன்னா?"

"ஒங்க மதினி."

"நீ எங்க ஊருக்குப் போனியா? எதுக்கு?"

"வயித்தெரிச்சல்லதான்."

அவன் முகத்தை விழுங்குவது போலப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கன்னம் துடிக்கவில்லை, கண் கலங்கவில்லை. ஜன்னல் வழியே சாலையோரக் கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணியில போட்டுப் பாத்தியா?" என்றான்.

"மெதந்துச்சு."

"மூட்டம் போட்ட வட்டத்துல எடுத்தியா, வெளிய எடுத்தியா?"

"ரொம்பத் தள்ளி, வெளிய."

"பேனா இருந்தாக் குடு."

பேச்சுத் தாளைப் புரட்டி, முழங்காலில் வைத்து, பஸ் குலுங்கக் குலுங்க எழுத ஆரம்பித்தான். எனக்குத்தான் வேர்த்தது. பழைய பேச்சையே பேசிவிட்டு, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவன் நம்பியிருக்கலாம். வயிற்று வலி என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். இரண்டையும் அவன் யோசித்ததாகவே தெரியவில்லை. எழுதி முடித்ததும் மீதி முறுக்கைத் தின்றான்.

ஹாலில் அவன் பேசிய முதல் வாக்கியம் இது: "நான் உங்களுக்கு அனுப்பிய முடிவு தவறு. அதை இன்று காலை பஸ்ஸில் என் நண்பர் செல்வம் கண்டுபிடித்துச் சொன்னார்." ஹால் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு தொடர்ந்தான். மரம் காற்றிலிருந்து எடுத்த கரிமத்தை இலையாகக் கொடுத்தால், இந்த வெயிலில் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். கரியாகிவிட்டால் மண்ணில் நெடுங்காலம் நிற்கும், பூச்சியும் பூஞ்சையும் அதை எளிதில் தின்பதில்லை. அவன் நிலத்தில் இருப்பது சேமிப்புத்தான், ஆனால் மரம் சேர்த்தது இல்லை, மனிதன் சிந்தியது.

குழுவில் ஒருவர், "அப்படியானால் கரிமூட்டம் நல்லது என்கிறீர்களா?" என்று மடக்கினார்.

"இல்லீங்கய்யா. மூட்டத்திலேயே பெரும்பகுதி புகையாகப் போய்விடுகிறது. மூட்டையில் கட்டியது டவுனில் எரிந்து காற்றுக்குப் போகிறது. மண்ணில் நின்றது நாங்கள் பொறுக்காமல் விட்ட தூள்தான்."

சிரித்தார்கள், தலையாட்டினார்கள், இன்னும் கேள்வி கேட்டார்கள். பொறாமையில் நான் ஓங்கிய கை அவனுக்கு மாலை போட்டுவிட்டது.

அடுத்து நான். என் சுக்கான்கல்லில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. எல்லாம் சரியாக இருந்ததால் யாருக்கும் கேட்க ஒன்றுமில்லை. கடைசியில் ஒருவர் மட்டும், "இந்தக் கல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். பல வருஷமாக நான் காத்திருந்த கேள்வி அது. கல் மழையில் கரைகிறது, ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது, கடலில் சிப்பியும் சங்கும் அதை ஓடாக்குகின்றன, ஓடு அடியில் படிந்து மறுபடி கல்லாகிறது என்று சொல்ல வாய் திறந்தேன். "எங்கள் ஊர் குண்டாறு..." என்று ஆரம்பித்ததுமே அவர், "அதில் தண்ணீர் வருகிறதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு தாள்களைச் சுருட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

கப்பலுக்குத் தவசி போனான். திரும்பி வந்தபோது கறுத்து, மெலிந்து, இன்னும் அழகாக இருந்தான். அவன் போனது காற்று அடங்கிய மாதங்களில். கடல் தட்டையாகக் கிடந்தது, தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே வாயுப் போக்குவரத்து சொற்பம்தான் என்றான். ஆபீஸே அவனைச் சுற்றி நின்று கதை கேட்டது. நான் ஏற்கெனவே கழுவிய குடுவையைத் திரும்பக் கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

பிறகு அதே கப்பல் தென்மேற்குப் பருவக்காற்றின் சமயத்தில் புறப்பட இருந்தது. இந்த முறை என்னைக் கூப்பிட்டார்கள். தவசி என் பெயரைச் சொல்லியிருந்தான். அது தெரிந்ததும் போக மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அவன் கை காட்டிய இடத்தில் போய் உட்கார நான் என்ன அவன் எடுபிடியா?

என் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "அவுக சொன்னாகங்கிறதுக்காகக் கப்பலு தண்ணியில முங்கிருமா? ஒங்களுக்குக் கடலு வேணுமா, வேணாமா?"

வேண்டும். கொச்சியில் கப்பல் ஏறினேன். ஏறியதும் சமையல்காரர் கேட்ட முதல் கேள்வி, "தவசி சார் ஊரா நீங்க?" கடலுக்கு நடுவிலும் எதிர்க்கடை.

காற்று அடித்த அடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. நான் கண்ட கடல் வாயுவை விழுங்கவில்லை. அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீரைக் காற்று மேலே புரட்டிக் கொண்டுவந்தது. ஆழத்தில் நெடுங்காலம் சேர்ந்து கிடந்த கரிமம் அதோடு ஏறி வந்து, வாயுவாகக் காற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடல் கக்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்று நானும் கக்கிக்கொண்டிருந்தேன். எண்கள் தவசியின் எண்களைவிடப் பெரியவை. கப்பலில் எல்லோரும் கைகொடுத்து, "பிரமாதம்" என்றார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அங்கே என்னைப் பார்த்து வயிறு எரிகிறவர் ஒருவரும் இல்லை. என் எண் பொய்யாக இருக்க வேண்டும் என்று யாருமே ஆசைப்படவில்லை. அப்புறம் அதை யார் சோதிப்பார்கள்?

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் கணக்கைப் பாராட்டுகிறவரிடம் முதலில் காட்டாதீர்கள். நீங்கள் மேலே போனால் தூக்கம் கெடுகிறவர் ஒருவர் பக்கத்து மேசையில் இருப்பார், அவரிடம் காட்டுங்கள். அவர் பஸ் ஏறிப் போயாவது தப்பைக் கண்டுபிடிப்பார். நீங்களே அப்படிப்பட்ட ஆளாக இருந்தால், கண்டுபிடித்ததை ஹாலுக்குப் போகும் முன்னால் சொல்லிவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகச் சொன்னாலும் பரவாயில்லை.

ஊருக்கு வந்ததும், அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால், தாள்களைத் தவசியின் மேசையில் வைத்துவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே எடுத்தான். இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"நான் போனப்ப கடலு சும்மாக் கெடந்துச்சேலே" என்றான்.

"அது கெடக்கட்டும். இதுல தப்பு இருக்கா பாரு."

"தண்ணி குளுந்து இருந்திருக்கும். நீ அளந்தது கப்பல் ரூமுல. சூடு ஏறுனா வாயு கூடுதலாத் தெரியும்ல?"

"அதத் திருத்தியாச்சு."

"பாட்டில்ல குமிழி நின்னுச்சா?"

குறிப்பைத் தேடிக் காட்டினேன். சில பாட்டில்களில் நின்றிருந்தது. தண்ணீரிலிருந்து வாயு குமிழிக்குள் போய்விட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. அந்த எண்களைச் சந்தோஷமாக அடித்தான். மிச்சத்தைத் திரும்பக் கூட்டினான், இன்னொரு தடவை கூட்டினான். டீ வந்து ஆடை படிந்தது. சாயங்காலம் ஆபீஸ் காலியாகும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு பல் பிடுங்கியவன் போல வாயைத் திறந்து சொன்னான்.

"சரியாத்தான் இருக்கு."

உதட்டை இறுக்கியிருந்தான். காது சிவந்திருந்தது. கண் தாளை விட்டு வர மறுத்தது. எதிர்க்கடையைப் பார்க்கும் கண், எனக்கு நன்றாகத் தெரிந்த கண். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டேன்.

"வயித்தெரிச்சலா தவசி?"

"ஆமாலே" என்று அவன் முகத்தை நேராக எனக்குத் திருப்பினான். "காரியாபட்டில இதத்தான பாக்கணும்னு தவிச்ச? அன்னிக்குக் குடுக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். இப்ப நல்லாப் பாத்துக்க."

ஆறிய டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே, வேண்டிய மட்டும் பார்த்தேன்.